ஊரை விட்டுப் போகும் முன் ஒரு மே மாதம்

மே 1, வியாழக்கிழமை. தொழிலாளர் தின விடுமுறை. மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்து வீடு. காலை பத்து மணிக்கே குழாயில் வருகிற தண்ணீர் கையைச் சுடுகிறது. மொட்டை மாடியில் அப்பத்தா பிழிந்து வைத்த கூழ் வடகம் காய்கிறது. கீழே, நான்காம் வகுப்பு முடித்த மகள் பாதி எழுதிய பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். புதுப் பக்கத்தில் தலைப்பு போட்டாள்: ‘பார்க்காத மதுரை’.

காரணம் இருந்தது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் அப்பாவுக்கு ஓசூர் கிளைக்கு மாற்றல். ஜூன் முதல் வாரம் அங்கே இருக்க வேண்டும். ஜவுளிக்கடையில் பில் போடும் அம்மா, மே 20-ம் தேதியோடு வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். கொடைக்கானலுக்கு என்று உண்டியலில் சேர்த்த பணம் ஓசூர் வீட்டு அட்வான்ஸுக்குப் போய்விட்டது. “அப்ப குதிரை சவாரி?” என்று நாலு வயதுத் தம்பி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இன்னொரு கேள்விக்கும் பதில் இல்லை. அப்பாவின் அம்மாவான அப்பத்தா, முப்பது வருடமாகத் தெருமுனையில் உட்கார்ந்து பூக் கட்டி விற்கிறவர். ஓசூருக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்டால், “பார்ப்போம்யா” என்பதோடு முடித்துக்கொள்வார்.

“மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே மஹாலுக்குள்ள போய் இருபது வருஷம் இருக்கும்” என்றார் அம்மா. அந்த ஒரு வரியில்தான் அந்த மாதத் திட்டம் பிறந்தது. கொடைக்கானல் இல்லை என்றால் என்ன? கையில் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. டவுன் பஸ் இருக்கிறது. சாப்பாடு வீட்டில் இருந்து எடுத்துப் போவது. வெளியே ஒரே ஒரு பொருள் மட்டும் வாங்கிச் சாப்பிடலாம். அப்பா போட்ட சட்டம் இது.

டவுன் பஸ்ஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பத்தா, அம்மா, மகள் மூவருக்கும் மகளிர் இலவசப் பயணம். ஐந்து வயது ஆகாததால் தம்பிக்கும் டிக்கெட் இல்லை. “நம்ம வீட்ல அப்பா மட்டும்தான் காசு கொடுத்துப் போறாரு” என்று மகள் மாதம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

நாயக்கரும் வீடு மாறினார்

மே 4, ஞாயிறு. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த நாள். நாலு மணி வாக்கில் திருமலை நாயக்கர் மஹாலுக்கு நடந்தே போனார்கள். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம்தான். உள்ளே காலடி வைத்ததும் தம்பி தலையை அண்ணாந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் அதுவரை பார்த்த பெரிய தூண், பள்ளிக்கூட வாசலில் இருக்கும் சிமென்ட் தூண்தான்.

மஹால் கட்டப்பட்டது 1636-ல். அப்பாவும் அம்மாவும் கை கோர்த்து ஒரு தூணைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தார்கள். எட்டவில்லை. மகளும் வந்து சேர்ந்த பிறகுதான் வளையம் மூடியது. இன்று நாம் பார்ப்பது அன்றைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்த பலவற்றைப் பெயர்த்து எடுத்துப் போனார் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் மிச்சம் இருந்தது பழுது பார்க்கப்பட்டது.

அதைக் கேட்ட அம்மா, “ராஜாவே வீடு மாத்தினா இந்தக் கதிதான். நாம பீரோவை எப்படி மாடிப்படியில இறக்கப் போறோமோ!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தா மட்டும் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “தூக்கிட்டுப் போக முடியாததுதான மிஞ்சியிருக்கு” என்றார்.

சட்டப்படி அன்று வாங்கிய ஒரே பொருள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ‘நெஞ்சுக்குக் குளிர்ச்சி’ என்று பெயருக்கே அர்த்தம். மூன்று டம்ளர் வாங்கி ஐந்து பேர் குடித்தார்கள். தம்பியின் சட்டை கால் டம்ளர் குடித்தது.

தங்கக் குதிரை வந்தது

மே 12, திங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள். மதுரைக்கு உள்ளூர் விடுமுறை. நள்ளிரவு இரண்டு மணிக்கே அப்பத்தா எல்லோரையும் எழுப்பிவிட்டார். கிளம்பும் முன் அம்மா செய்த முதல் காரியம், இரண்டு பிள்ளைகளின் கையிலும் அப்பாவின் செல்போன் எண்ணைப் பேனாவால் எழுதியது. லட்சக்கணக்கானோர் கூடுகிற இடம். கை நழுவினால் குழந்தையைத் தேடுவது லேசான காரியம் இல்லை.

தூங்காத ஊர் என்ற பெயர் அன்று ராத்திரி முழு உண்மை. தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம், பனை ஓலை விசிறி. கள்ளழகர் வேஷம் கட்டிய சிறுவர்கள் தோளில் தோல்பையோடு நடந்தார்கள். பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நின்றார்கள். வைகை அணையில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க அழகர் வருகிறார் என்பது கோயில் சொல்லும் கதை. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அண்ணன், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு ஊருக்குள் வராமலே திரும்புகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரண்டு விழாவையும் சேர்த்தவர் அதே திருமலை நாயக்கர்தான் என்பார்கள். மஹாலைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு இது புதுச் செய்தி. “தூண் கட்டினவரா?” என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த தம்பிதான் முதலில் கத்தினான். “குதிரை! தங்கக் குதிரை!” கூட்டத்தின் சத்தத்தில் அவன் குரல் அப்பாவுக்கே கேட்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு அவன் கொடைக்கானல் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள். “கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே அப்பத்தா, பிறகு எதுக்கு அழகர் வருஷா வருஷம் வர்றாரு?”

அப்பத்தா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “தங்கச்சி இருக்கிற ஊரு. வந்து பார்த்துட்டுப் போறதுக்குக் காரணம் வேணுமா?” என்றார்.

இரண்டு நாள் காய்ச்சல்

ஊர் சுற்றுவது மட்டும் மே மாதம் இல்லை. அழகரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல். கடையில் முகூர்த்த சீசன். அம்மாவுக்கு லீவு கிடையாது. அப்பாவுக்கு அலுவலகத்தில் கணக்கை ஒப்படைக்கும் வேலை. அப்பத்தா இரண்டு நாள் தெருமுனைக்குப் போகவில்லை. பூ வாங்கவும் இல்லை.

பூக்காரருக்கு இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. மதுரை மல்லிக்கு வெயில்காலம்தான் சீசன். விடியும் முன்பே பறித்த மொட்டுகள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரும். சாயங்காலம் அது விரிவதற்குள் கட்டி விற்றாக வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய பூ. தடிமனான இதழும் நின்று மணக்கும் வாசமும் அதன் அடையாளம். மழையும் பனியும் வந்துவிட்டால் வரத்து குறையும், விலை எகிறும். அப்போது முழத்துக்கு அளக்கும் கையே சுருங்கிவிடும் என்பார் அப்பத்தா. ஆக, சம்பாதிக்கிற மாதத்தில்தான் அவர் பேரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி பாத்திரம் விளக்கிக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னார்: “ஏங்க, அத்தை இல்லாம அங்க நான் எப்படி வேலைக்குப் போவேன்? இவனுக்கு இந்த மாதிரி உடம்புக்கு முடியலைன்னா?” அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் கவலை. ஆனால் பிள்ளை வளர்க்க ஆள் வேண்டும் என்பதற்காக அம்மாவை ஊரை விட்டுக் கிளப்புவது சரிதானா என்ற கவலையும் கூடவே இருந்தது.

பானையில் எழுதிய பெயர்

மே 18, ஞாயிறு. காய்ச்சல் சரியானதும் கீழடி. ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் சிவகங்கை மாவட்டம். மதுரையில் இருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாகக் கட்டப்பட்டது. 2014-15-ல் மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்த இடம் இது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. இங்கே கிடைத்தவற்றில் பழமையானவை கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அந்தத் துறை சொல்கிறது.

கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய், உறை கிணறு. பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நகர, அப்பத்தா ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். உள்ளே வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள்.

“அட, இது நாங்க பாண்டி விளையாடின சில்லு மாதிரியே இருக்கு!” என்று அவர் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

மகளைப் பிடித்து நிறுத்தியது வேறு. தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். ஆதன், குவிரன் என்று யாரோ தங்கள் பாத்திரத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். “நம்ம எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டுவாங்கல்ல, அது மாதிரியா?” என்றாள். அதே மாதிரிதான். மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஊரே போன பிறகும் பெயர் மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலை அப்பத்தாவின் மண்பானையில், கழுத்துக்குக் கீழே, ஆணியால் கீறிய இரண்டு பெயர்கள் இருந்தன. அக்கா எழுதியது நேராக, தம்பி எழுதியது தலைகீழாக. புதுப் பானை, போன மாதம் வாங்கியது. “தண்ணி கசிஞ்சா உங்கப்பன்கிட்டதான் காசு வாங்குவேன்” என்று அப்பத்தா திட்டினார். பானை கசியவில்லை.

சட்டை இல்லாத தாத்தா

மே 21, புதன். அம்மாவுக்கு வேலை இல்லாத முதல் நாள். என்ன செய்வதென்று தெரியாமல் காலையிலேயே வீடு முழுக்கப் பெருக்கித் துடைத்துவிட்டார். பிறகு பிள்ளைகளையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு தமுக்கத்தில் உள்ள காந்தி மியூசியத்துக்குப் பஸ் ஏறினார்.

ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டிடம் அது. 1959-ல் நேரு திறந்துவைத்த மியூசியம். கட்டணம் கிடையாது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் தம்பிகூடச் சத்தம் போடவில்லை. வெளியே வந்ததும் கேட்டான், “தாத்தா ஏன் சட்டை போடல?”

அந்தக் கேள்விக்கு மதுரையில்தான் பதில் சொல்ல வேண்டும். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி தன் குஜராத்தி உடையைக் களைந்து, ஏழை விவசாயியைப் போல அரைவேட்டிக்கு மாறினார். அந்த வீடு இன்று கதர்க் கடை. அம்மா அந்தக் கடை வழியாக எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். அந்த வார இறுதியில் அங்கே போய் அப்பாவுக்கு ஒரு கதர்த் துண்டு வாங்கினார்கள்.

மியூசியத்தில் இருந்து திரும்பும் வழியில் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளுவென்று குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. பிள்ளைகள் படம் போட்ட புத்தகங்களைப் பரப்பிக்கொண்டார்கள். “இவ்வளவு குளிர்ச்சிக்குக் காசு வாங்கலையா?” என்று அப்பத்தா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு பேத்தி ஒரு கதைப் புத்தகத்தை முழுசாக வாசித்துக் காட்ட, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் நிறுத்தினால், “ம், பிறகு?” என்றார்.

மலையடிவாரத்தில் ஒரு பேச்சு

மே 25, கடைசி ஞாயிறு. வெயில் ஏறும் முன் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். அப்பாவும் பிள்ளைகளும் படியேறினார்கள். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன.

முட்டி வலியால் அப்பத்தா ஏறவில்லை. அம்மா துணைக்கு இருந்தார். ஆலமரத்தடியில் இருவரும் புளியோதரைத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கேட்க முடியாததை அம்மா அங்கே கேட்டார்.

“அத்தை, நீங்க வருவீங்களா மாட்டீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. எனக்கு நீங்க வரணும்னுதான் ஆசை. பிள்ளைங்களுக்காக மட்டும் இல்ல.”

அப்பத்தா கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓசூர்ல எல்லாம் ரோஜாதானாமே தாயி. மார்க்கெட்ல சொல்றாங்க. ரோஜாவை நான் எங்கிட்டு முழம் போட்டுக் கட்டுறது? கை சும்மா இருந்தா எனக்குச் சோறு இறங்காது.” பிறகு விரலை மடக்கி எண்ணினார். “ஐப்பசி வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கு. கார்த்திகை, மார்கழி, தை... பூ வரத்து இருக்காது. அப்ப வர்றேன். மூணு மாசம் உங்களோட இருக்கேன். மாசியில கொண்டாந்து விட்டுருங்க. சித்திரைக்கு நீங்க வந்துருங்க.”

“மார்கழியில ஓசூர் ரொம்பக் குளிருமாம் அத்தை.”

“ஸ்வெட்டர் வாங்கிக் கொடு.”

மலையில் இருந்து இறங்கி வந்தவர்கள் பார்த்தபோது மாமியாரும் மருமகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை மகள் மட்டும் கவனித்தாள். தம்பி தூக்கைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தான்.

முழுக் கவலையும் தீர்ந்துவிடவில்லை. மற்ற ஒன்பது மாதத்துக்கு அம்மா வேலை தேடுவதா, வீட்டில் இருப்பதா என்பது ஓசூர் போய்த்தான் முடிவாகும். ஆனால், “பார்ப்போம்யா” என்ற பதிலுக்கு ஒரு மாதக் கணக்கு வந்துவிட்டது. அதுவே பெரிய நிம்மதி.

லாரி கிளம்பியது

கடைசி வாரம் பறந்துபோனது. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ், கேஸ் இணைப்பு மாற்றம், மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டைப் பெட்டிகள், மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மூன்று சுற்று பழைய சேலை. மே 31 காலை லாரி வந்தது. நாயக்கர் காலத்துத் தூணை விடப் பீரோ சுலபமாகத்தான் இறங்கியது.

நோட்டில் பெரும்பாலான இடங்களுக்கு ‘டிக்’ விழுந்திருந்தது. மூன்று பாக்கி. அழகர்கோயிலில் நூபுர கங்கைத் தண்ணீரில் மாவு கரைத்துச் சுடும் பிரசாத தோசை. வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத்து அன்று நடக்கும் தெப்பத் திருவிழா. வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி அருவி. அருவியில் மழைக்காலத்தில்தான் தண்ணீர். தெப்பத்துக்குத் தை பிறக்க வேண்டும். தோசைக்கு நேரம் இல்லாமல் போனது.

மகள் அந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அப்பத்தாவின் அலமாரியில், பூக்கட்டும் வாழைநார்க் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும். சித்திரைக்கு வரும்போது பார்க்கணும்” என்றாள்.

வண்டி திரும்பியதும் அப்பத்தா உள்ளே வந்து, பெயர் கீறிய பானையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். பதினோரு மணிக்குள் பூ வந்துவிடும். நாரை எடுத்து நனைத்து வைத்துக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பினார்.